பச்சோந்திக்குச் சொட்டிய தண்ணீரும் தேரையின் வயிற்றெரிச்சலும்

காட்டோரத்து வனக்காவலர் குடியிருப்பின் பின்பக்கம் ஒரு வலைக்கூண்டு. அதற்குள் ஒரு பச்சோந்தி. கிளை முறிந்து கீழே விழுந்ததில் அதற்குக் கால் ஒடிந்துவிட்டது. காவலர் செவந்திதான் எடுத்துவந்து, கால் கூடும்வரை இருக்கட்டும் என்று கூண்டில் விட்டிருந்தாள்.

கிண்ணத்தில் தண்ணீர் வைத்தால் பச்சோந்தி சீந்தாது. இலையில் உருளும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அதனால் செவந்தி ஒரு டப்பாவின் அடியில் ஊசியால் ஓட்டை போட்டு, கூண்டின் மேல் தொங்கவிட்டாள். தண்ணீர் சொட்டுச் சொட்டாகச் செம்பருத்தி இலைமேல் விழும். குடித்ததுபோக மீதி அடித்தட்டில் வழிந்து, ஒரு மூங்கில் குழாய் வழியாக வெளியே போய்விடும். கூண்டு நாறாது.

அந்தக் குழாயின் வாயடியில் ஒரு குழி. குழியில் ஒரு தேரை. கோடை கொளுத்திக் குட்டையெல்லாம் வறண்டு கிடந்தது. சுற்றுவட்டாரத்தில் ஈரம் என்று இருந்தது அந்தக் குழி ஒன்றுதான். அது காய்ந்தால் தேரையின் பிழைப்பே போச்சு. கிடைத்த இடத்தில் நிம்மதியாக உட்கார வேண்டியதுதானே? அதுதான் இல்லை. அண்ணாந்து அண்ணாந்து கூண்டையே பார்த்து வயிறெரிந்தது.

பக்கத்துக் கல்லில் வெயில் காய்ந்த அரணையிடம் ஒரே புலம்பல். அவனுக்கு மட்டும் தனி மழையாம், வாய்க்கு நேரே வெட்டுக்கிளியாம், தான் மட்டும் என்ன பாவம் செய்தோமாம். அரணைக்கு அலுத்துப்போயிற்று. கால் ஒடிந்து கிடக்கிறவனைப் பார்த்தா பொறாமைப்படுகிறாய், உன் குழித் தண்ணீரே அங்கிருந்துதானே வருகிறது என்று கேட்டது. கேட்டது நியாயம்தான். ஆனால் அதுதான் தேரைக்குச் சுருக்கென்று தைத்தது. அவன் குடித்துக் கழித்ததையா நாம் குடிக்கிறோம்?

அன்றே ஒரு திட்டம் போட்டது. குழாயை அடைத்தால் தண்ணீர் உள்ளேயே தேங்கும். கூண்டு குளமாகும். பச்சோந்தியை வெளியேற்றிவிடுவார்கள். அப்புறம் அந்தக் குளம் யாருக்கு? வேறு யாருக்கு, நமக்குத்தான்!

தேரை குழாய்க்கு முதுகைக் காட்டித் திரும்பி நின்றது. பின்னங்கால்களால் சேற்றை வாரி வாரி உள்ளே தள்ளியது. பச்சோந்தியின் ஒரு கண் இலைமேல் இருந்தது, இன்னொரு கண் கீழே பார்த்துவிட்டது.

"அண்ணே, அதை அடைக்காதீங்க. தேங்குன தண்ணிய நான் குடிக்க மாட்டேன், அது அழுகிப்போகும். மிச்சமெல்லாம் உங்களுக்குத்தானே வருது?"

பாவம், அது நல்ல மனசோடுதான் சொன்னது. தேரைக்கோ மிளகாயை அரைத்துப் பூசியதுபோல் ஆயிற்று.

"மிச்சமா? உன் மிச்சத்துல வாழுறவனா நானு?"

இன்னும் நாலு உதை சேற்றைத் திணித்துவிட்டுத்தான் ஓய்ந்தது.

மறுநாளே கூண்டு நாற ஆரம்பித்தது. செத்த வெட்டுக்கிளிகள் மிதந்தன, கொசு மொய்த்தது. பச்சோந்தி உடம்பெல்லாம் கறுத்து, உச்சிக் கிளையைப் பிடித்துக்கொண்டு நடுங்கியது. தேரைக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. குழி காய்ந்துகொண்டு வந்ததை அது கவனிக்கவே இல்லை.

செவந்தி வந்து பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். தட்டைக் கழுவினாள். குழாய் தரையில் இருப்பதால்தான் மண் ஏறுகிறது என்று நினைத்து, கூண்டைத் தூக்கி உயரமான இரும்பு ஸ்டாண்டில் வைத்தாள். மூங்கிலைப் பிடுங்கிவிட்டு நீளமாக ஒரு ரப்பர் குழாய் மாட்டி, அதன் நுனியைத் தோட்டத்துக் கோடியில் இருந்த வாழையடியில் விட்டாள். பச்சோந்திக்குப் பழைய நிறம் திரும்பியது.

தேரையின் குழியில் மண் வெடித்தது. தேரையின் தோலும் வறண்டது.

மேலேயிருந்து பச்சோந்தி கேட்டது. "அண்ணே, அங்க தண்ணி வருதா? வரலைன்னா சொல்லுங்க, வாழைக்குப் போற வழி இங்கேருந்து நல்லாத் தெரியுது."

வரவில்லை என்று ஒரு வார்த்தை. அதைச் சொன்னால் போதும். தேரைக்குத் தொண்டைவரை வந்தது. நிமிர்ந்து பார்த்தது. இலையில் துளி உருண்டது, பச்சோந்தி நக்கியது. வந்த வார்த்தை அப்படியே உள்ளே போய்விட்டது.

"எனக்கென்னடா குறை? நீ உன் வேலையப் பாரு."

சொல்லிவிட்டு உச்சி வெயிலில் பழைய குட்டையைத் தேடித் தத்தித் தத்திப் போனது. வாழை இருந்தது இந்தப் பக்கம், அது போனது அந்தப் பக்கம். அப்புறம் அரணைகூட அதைப் பார்க்கவில்லை.

பொறாமை பிடித்தவருக்கு அடுத்தவர் நன்றாயிருப்பதும் பொறுக்காது, தவிக்கும்போது அவரிடம் உதவி கேட்க வாயும் வராது. கடைசியில் கெட்டுப்போவது அவரேதான்.