சவரிமுத்துவிடம் சொன்னது

"என் மேல தப்பு இல்லைன்னு விசாரணைக்கு வந்தவங்களே எழுதிக் கொடுத்துட்டாங்கம்மா. பிறகு ஏன் மனசு அடங்க மாட்டேங்குது?"

கேட்டுவிட்டு ஆவுடையப்பன் தலையைக் குனிந்துகொண்டார்.

பூரணி அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

அவருக்கு நாற்பது வயதிருக்கும். ஆவுடையப்பனுக்கு ஐம்பத்தெட்டு. ஆறு வருஷமாக மாதம் ஒருமுறை இந்த மடத்துக்கு வந்து, தன்னைவிடச் சின்னவரான அந்தத் துறவியின் முன்னால் சற்றுநேரம் உட்கார்ந்து எழுந்துபோவது அவர் வழக்கம். அதில் ஒரு நிம்மதி இருந்தது. கடைசி நாலு மாதம் அவர் வரவே இல்லை.

"முதல்ல இருந்து சொல்லுங்கய்யா."

சொன்னார்.

கடற்கரை ஊர்களில் ஐஸ் கம்பெனிகள் உண்டு. மீனுக்கு ஐஸ் கட்டி போடுகிற இடம். அங்கே குளிரைக் கொடுப்பது அமோனியா. குழாய்க்குள் இருக்கும்வரை வேலைக்காரன். வெளியே வந்தால் எமன். அந்தக் குழாய்களைச் சோதித்துப் பார்த்துச் சொல்வதில் ஆவுடையப்பனுக்கு முப்பது வருஷப் பழக்கம். தென்கரை முழுக்க அவர் பேரைச் சொன்னால் தெரியும்.

மாசி மாதம் ஒரு துறைமுக ஊரில் அப்படி ஒரு கம்பெனிக்குப் போயிருந்தார். கருவியை வைத்து ஒவ்வொரு குழாயின் தடிமனையும் அளந்துகொண்டே வந்தார். ஓரிடத்தில் அளவு சட்டென்று இறங்கியது. மேலே சுற்றியிருந்த உறைக்கு அடியில் துரு குழாயைத் தின்றிருந்தது.

பக்கத்தில் ஆபரேட்டர் சவரிமுத்து நின்றிருந்தார். இருபத்திரண்டு வருஷமாக அந்த இயந்திரத்தை ஓட்டுகிறவர்.

பார்த்ததை அவரிடம் சொன்னார். ஊருக்குத் திரும்பி, இரண்டே நாளில் பதினொரு பக்க ரிப்போர்ட் எழுதி முதலாளிக்கு அனுப்பினார்.

ஒன்பதாம் நாள் காலையில் குழாய் வெடித்தது. ஐஸ் உடைத்துக்கொண்டிருந்த ஆறு பேரைச் சவரிமுத்து பிடித்து வெளியே தள்ளினார். வால்வை மூட உள்ளே ஓடினார்.

திரும்பி வரவில்லை.

"ரிப்போர்ட்ல எல்லாம் சரியா இருந்ததும்மா. இடம், அளவு, கணக்கு, படம். இவ்வளவு துல்லியமா ஒரு ரிப்போர்ட் பாத்ததில்லைன்னு விசாரணை அதிகாரி என் கையைப் பிடிச்சுக் குலுக்கினார்."

"முதலாளி அதைப் படிக்கலையா?"

"படிச்சிருக்கார். 'கூடிய விரைவில் மாற்றுவது நலம்'னுதானே போட்டிருக்கு, சீசன் முடியட்டும்னு இருந்தேன்னு சொல்லிட்டார்."

"அப்படித்தான் போட்டிருந்தீங்களா?"

"எங்க தொழில்ல அப்படித்தாம்மா எழுதுவோம்."

பூரணி அம்மா ஒரு பழுத்த இலையைக் கிள்ளி ஓரமாகப் போட்டார்.

"சவரிமுத்துகிட்ட?"

"அவர்கிட்ட நேர்லயே சொன்னேன். பக்கத்துல நிறுத்தி வச்சுச் சொன்னேன். 'சரிங்க சார்'னு தலையை ஆட்டினார். அவ்வளவு அனுபவம் உள்ள மனுஷன். அவருக்கு ஏன் உறைக்கலை? அதுதாம்மா எனக்கு ஆறவே மாட்டேங்குது."

"என்ன சொன்னீங்க? அன்னைக்குச் சொன்னது மாதிரியே எனக்குச் சொல்லுங்க."

ஆவுடையப்பன் நிமிர்ந்து உட்கார்ந்தார். வந்ததிலிருந்து தளர்ந்திருந்த குரல் ஒரு நொடியில் மாறியது. முப்பது வருஷத்துக் குரல்.

"லிக்விட் ஹெடர்ல, எல்போவுக்கு அடுத்த வெல்டு பக்கத்துல, இன்சுலேஷனுக்கு அடியில கரோஷன் இருக்கு. வால் திக்னஸ் ரெண்டு புள்ளி ஒண்ணு. மினிமம் அலவபிளுக்குக் கீழ போயாச்சு. பிரஷரைக் கவனிச்சுக்குங்க. மத்தது டீடெய்லா ரிப்போர்ட்ல வரும்."

"சரிங்க," என்றார் பூரணி அம்மா.

ஆவுடையப்பன் முகம் லேசாகத் தெளிந்தது.

"பாத்தீங்களா? உங்களுக்கே புரியுது."

"எனக்கு ஒண்ணும் புரியலை."

"பிறகு ஏம்மா சரின்னீங்க?"

"நீங்க பேசி முடிச்சுட்டீங்க."

வெளியே கிணற்றடியில் யாரோ வாளியை இறக்கும் சத்தம் கேட்டது. ஆவுடையப்பன் பையிலிருந்து அந்த ரிப்போர்ட்டை எடுத்தார். நாலு மாதமாக அதை எங்கே போனாலும் கொண்டுபோனார். பூரணி அம்மா கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார்.

"இதுல சவரிமுத்து எந்தப் பக்கத்துல வர்றார்?"

"ஆபரேட்டர் பேரெல்லாம் ரிப்போர்ட்ல வராதும்மா."

"அவருக்கு வீடு இருக்கா?"

"இருக்கு. சம்சாரம் இருக்காங்க."

"போனீங்களா?"

"இல்லை."

"ஏன்?"

"என்ன சொல்றதுன்னு தெரியலைம்மா."

பூரணி அம்மா ரிப்போர்ட்டை அவர் கையில் திருப்பிக் கொடுத்தார். கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

"அவங்க வீட்டுக்குப் போங்க. போய் அவங்களுக்கு விளங்குற மாதிரிச் சொல்லிட்டு வாங்க."

கிளம்பும்போது எப்போதும் கொடுக்கிற திருநீற்றை அன்று கொடுக்கவில்லை.

•

பஸ்ஸில் நாலு மணி நேரப் பயணம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஆவுடையப்பனுக்கு அந்த மாசி மாத நாள் திரும்பத் திரும்ப வந்தது.

வேலை முடிந்து கிளம்பியபோது சவரிமுத்து வாசல்வரை கூடவே வந்தார். கருவிப் பெட்டியைக் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். காருக்குப் பக்கத்தில் வந்ததும், "சார்..." என்று இழுத்தார்.

ஆவுடையப்பன் போனில் பேசிக்கொண்டிருந்தார். அடுத்த ஊர்க் கம்பெனிக்காரன். கையை லேசாக உயர்த்தி 'இருங்கள்' என்று காட்டினார். பேச்சு முடியவில்லை. பேசிக்கொண்டே காரில் ஏறிவிட்டார். சவரிமுத்து பெட்டியைப் பின்சீட்டில் பதமாக வைத்துக் கதவைச் சாத்தினார்.

இதை விசாரணையில் யாரும் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை. மறைக்க வேண்டும் என்று இல்லை. இன்றுவரை அது நினைவுக்கே வரவில்லை.

•

வீடு மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இருந்தது. சவரிமுத்துவின் மனைவி பிரகாசி இறால் கம்பெனி வேலை முடிந்து அப்போதுதான் வந்திருந்தாள். யாரென்று சொன்னதும் ஒரு கணம் நின்றாள். பிறகு நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"வாங்க சார். உக்காருங்க."

திட்டுவாள் என்று நினைத்து வந்தவருக்கு அந்த 'வாங்க' தாங்கவில்லை.

"அன்னைக்கு என்ன நடந்ததுன்னு உங்ககிட்ட சொல்லணும்னு வந்தேம்மா."

"சொல்லுங்க சார்."

ரிப்போர்ட்டை மடியில் விரித்தார். படத்தைக் காட்டினார். குழாய் எங்கே வளைகிறது, வெல்டு எங்கே, துரு எப்படிப் பிடிக்கிறது, தடிமன் எவ்வளவு இருக்கவேண்டும் என்று ஆரம்பித்தார். பிரகாசி முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே கேட்டாள். அவர் மூச்சுவிடுகிற இடங்களில் எல்லாம் தலையை ஆட்டினாள்.

"சரிங்க சார்," என்றாள். "சரிங்க சார்."

ஆவுடையப்பன் பாதியில் வாயை மூடிக்கொண்டார்.

"விளங்கலையாம்மா?"

"நீங்க படிச்சவிய. நம்மளுக்கு அதெல்லாம் எங்க சார் விளங்கும்."

"என்கிட்ட கேட்டிருக்கலாமே."

"எப்படி சார் கேக்க? நீங்க மளமளன்னு சொல்லிட்டு வாறிய."

அவர் ரிப்போர்ட்டை மூடி நாற்காலிக்கடியில் வைத்தார்.

"அன்னைக்கு வீட்டுக்கு வந்து அவர் எதுவும் சொன்னாராம்மா? நான் வந்துட்டுப் போனதைப் பத்தி?"

"சொன்னாவ சார். மத்தியானம் சோத்துக்கு வந்தப்போ சொன்னாவ. பெரிய இன்ஜினியர் வந்தாவ, ரொம்பத் தன்மையான மனுசன், ஒரு சத்தம் போடலைன்னு சொன்னாவ. தப்பு ஏதும் இருந்தா சத்தம் போட்டிருப்பாவல்லா, அதனால மெசின் நல்லாத்தான் இருக்குன்னு சொன்னாவ."

ஆவுடையப்பன் கையைப் பிசைந்துகொண்டார்.

"ஆனா ஒண்ணு மட்டும் யோசிச்சிட்டே இருந்தாவ." பிரகாசி சுவரிலிருந்த காலண்டரை எடுத்து வந்தாள். மாசி மாதத் தாளுக்கு மேல் அது கிழிக்கப்படவே இல்லை. ஒரு தேதிக் கட்டத்துக்குள் பென்சிலால் ஏதோ எழுதியிருந்தது.

2.1

"ரெண்டு புள்ளி ஒண்ணுன்னு சார் சொன்னாவ, அது கூடுதலா குறைச்சலான்னு கேக்க விட்டுட்டனேன்னாவ. மறந்துரக் கூடாதுன்னு இதுல எழுதி வச்சாவ. அடுத்த மட்டம் நீங்க வரும்போது கேக்கணும்னு."

ஆவுடையப்பன் காலண்டரை வாங்கவில்லை. அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கருவி காட்டிய அளவு. ஒரு புள்ளிகூடப் பிசகாமல் எழுதியிருந்தார் சவரிமுத்து.

"குறைச்சல்தாம்மா," என்றார். "ரொம்பக் குறைச்சல்."

பிரகாசி காலண்டரை மறுபடி ஆணியில் மாட்டினாள். திரும்பி வந்து, முதல்முறையாக அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள்.

"சார், நான் ஒண்ணு கேக்கட்டா? கோவிச்சுக்க மாட்டியளே?"

"கேளுங்கம்மா."

"முதலாளியும் வந்து என்னமோ சொன்னாவ. ஆபீசருமாரும் வந்து என்னமோ சொன்னாவ. கோயில் சாமியாரும் சொன்னாவ. எனக்கு ஒண்ணும் விளங்கல. இப்போ நீங்க சொல்லுங்க. எங்க வீட்டுக்காரரு அன்னைக்கு என்ன செஞ்சிருக்கணும்?"

ஆவுடையப்பன் வாயைத் திறந்தார். பழக்கப்பட்ட வார்த்தைகள் எல்லாம் வந்து தொண்டையில் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக விலக்கிவிட்டுத் தேட வேண்டியிருந்தது. வெகுநேரம் ஆனதுபோல் அவருக்குத் தோன்றியது.

"மெஷினை ஆஃப் பண்ணிட்டு, எல்லாரையும் கூட்டிக்கிட்டு வெளிய வந்திருக்கணும்மா. அந்தக் குழாயை மாத்துறவரைக்கும் யாரும் அதை ஓட்டியிருக்கக் கூடாது. ஓட்டுனா வெடிச்சிரும்."

பிரகாசி அசையாமல் கேட்டாள். தலையை ஆட்டவில்லை.

"இதை அவியகிட்ட சொன்னியளா சார்?"

"இல்லைம்மா."

அவள் அவரையே பார்த்தாள். கண்ணில் கோபம் இல்லை.

"இது அவியளுக்கு விளங்கியிருக்கும் சார்," என்றாள்.