கூழ்த் தட்டில் முளைத்த கால்கள்

கோடையில் வற்றிய காட்டுக் குளத்தில் ஒரேயொரு பள்ளத்தில் மட்டுமே நீர் எஞ்சியிருந்தது. சேற்றழகி என்னும் எருமை தன் கன்றுடன் பொழுதெல்லாம் அதிலேயே கிடந்தாள். அவள் புரண்டால் நீர் கலங்கும்; கலங்கினால் மீன் தெரியாது. தவளாங்கன் என்னும் கொக்குக்கோ பசியில் காது அடைத்தது.

"அழுக்கு மூட்டையே, வெளியேறு!" என்று அவன் சீறினான். "என் வெண்மையைப் பார்! உன் மேனியைப் பார்!"

"வெயிலில் தோல் வெடித்துவிடுமே, அண்ணா! கன்றையும் இழுத்துக்கொண்டு நான் எங்கே போவேன்?"

வழக்கு, வனப் பள்ளியில் அறிவியல் கற்பிக்கும் முள்ளம்பன்றி ஊசியம்மாளிடம் சென்றது.

"மேலே ஒட்டிய சேற்றைக் கொண்டு தீர்ப்புச் சொல்லலாகாது," என்றாள் அவள். "கண்ணுக்குப் புலப்படாத கிருமிகளை வளர்த்துப் பார்ப்போம். அவை எல்லார் மேலும் உண்டு."

"என் மேல் இருக்காது! யாருடைய கிருமி அதிகம் முளைக்கிறதோ, அவர் குளத்தை விட்டுப் போகட்டும்!" என்று தவளாங்கன் முழங்கினான். எருமையும் பெருமூச்சுடன் தலையாட்டினாள்.

ஊசியம்மாள் கிருமிகள் தின்று வளரக் கடற்பாசியையும் கஞ்சியையும் கூழாகக் காய்ச்சி, இரண்டு பாக்குமட்டைத் தட்டுகளில் ஊற்றி உறையவைத்தாள். தன் முள்ளொன்றில் பஞ்சைச் சுற்றி, எருமையின் முதுகைத் தடவி ஒரு தட்டில் இழுத்தாள். வேறொரு முள்ளால் கொக்கின் சிறகைத் தடவி மற்றதில் இழுத்தாள். பின்பு இரண்டையும் ஒரு பாறையருகே வைத்துத் தாமரை இலைகளால் மூடினாள்.

"நான் சொல்லும்வரை யாரும் திறக்கக் கூடாது!"

மறுநாள் உச்சி வெயிலில் அனைவரும் நிழலில் கண்ணயர்ந்தனர். தவளாங்கனுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மெல்ல வந்து இலைகளைத் தூக்கினான். அந்தோ! அவனது தட்டில் மஞ்சள் புள்ளிகள் பல! எருமையின் தட்டிலோ ஒன்றிரண்டே!

"மோசம் போனேனே!" என்று பதறினான். வலக்காலைப் பாறையில் ஊன்றி, இடக்காலால் எருமையின் கூழை மிதித்தான். ஒரு தடமும் தெரியவில்லை. அழுக்கு ஏறவில்லையோ என்ற ஐயத்தில் மேலும் மேலும் மிதித்தான். அப்போதும் கூழ் பளபளவென்றே இருந்தது. தடயம் இல்லை என்ற நிம்மதியுடன் மூடிவிட்டுச் சென்றான்.

தீர்ப்பு நாளில் காடே கூடியது. எருமையின் தட்டைத் திறந்த ஊசியம்மாளின் முட்களெல்லாம் சிலிர்த்து நின்றன. தட்டு முழுவதும், மஞ்சளும் பச்சையுமாய், விரல் விரித்த கொக்குக் கால்கள் கொழுகொழுவென்று முளைத்திருந்தன!

கடைசி வரிசையிலிருந்த குரங்கு துள்ளிக் குதித்தது. "டீச்சர்! கொக்கு முளைச்சிருக்கு! இன்னிக்குக் கால் வந்திருச்சு, நாளைக்கு உடம்பும் வருமா?"

தவளாங்கன் முன்னே பாய்ந்தான். "இவை எருமையின் கிருமிகளே! என் அழகில் மயங்கி என் காலை வரைந்திருக்கின்றன!"

"அப்படியானால் காலை நீட்டு. பொருத்திப் பார்ப்போம்," என்றாள் ஊசியம்மாள்.

அவன் விரல்களைச் சுருட்டிக்கொண்டான்.

"நீட்டுங்களேன், அண்ணா! உங்கள் ரசிகர்கள் காத்திருக்கிறார்கள்!" என்றாள் சேற்றழகி.

நீட்டினான். இம்மியும் பிசகாமல் பொருந்தியது.

"இத்தனையும் உன் கிருமிகள். குளத்தை விட்டுப் புறப்படு!" என்றாள் ஊசியம்மாள்.

"தாயே! வேறு குளமே இல்லையே, செத்துப்போவேன்!" என்று கதறிய தவளாங்கன், சட்டென்று கண்ணீரைத் துடைத்தான். "மிதித்தது இடக்கால் மட்டுமே. வலக்கால் ஒரு பாவமும் அறியாதது! அதையும் தண்டிப்பது நியாயமா?"

ஊசியம்மாள் குனிந்து அவன் இரு கால்களையும் மாறி மாறிப் பார்த்தாள். "வாதத்தில் குறை இல்லை. வலக்கால் குளத்தில் இருக்கலாம். இடக்கால் உடனே வெளியேற வேண்டும்!"

அன்றுமுதல் தவளாங்கன் இடக்காலைச் சிறகுக்குள் ஒளித்து, ஒற்றைக் காலிலேயே குளத்தில் நிற்கிறான். அசதியில் இடக்கால் சற்றுத் தாழ்ந்தாலும் போதும், எருமைக் கன்று "டீச்சர்!" என்று கூவிவிடுகிறது.

பிறரை அழுக்கரென்று காட்டச் செய்யும் சூழ்ச்சி, செய்தவரின் அழுக்கையே ஊரறிய வளர்த்துக் காட்டும்.