ஆள்காட்டி வைத்த வக்கீல்

ஒரு குளக்கரையில் ஆள்காட்டிக் குருவி ஒருத்தி காவல் வேலை பார்த்து வந்தாள். குளத்தின் நடுவே கருவேல மரங்கள் நின்றன. அவற்றில் கூழைக்கடாக்கள் கூட்டமாகக் கூடு கட்டிக் குஞ்சு பொரித்திருந்தன. கரையில் யாராவது தலைகாட்டினால் ஆள்காட்டி கத்த வேண்டும். அவள் கத்தினால், தண்ணீரில் மேய்கிற பெரிய பறவைகள் மரத்துக்குப் பறந்துபோய்க் குஞ்சுகளுக்குக் காவலாக நிற்கும். அதுதான் ஏற்பாடு.

வேலைக்குக் கூலி ஒரு மேடு. கரையோரத்தில் கூழாங்கல் பரவிய சின்ன மேடு. மழைக்காலத்திலும் தண்ணீர் ஏறாது. ஆள்காட்டிகள் மரத்தில் கூடு கட்டுவதில்லை, தரையில்தான் முட்டையிடும். ஆகவே அந்த மேடு அவளுக்கு வீடு, பிரசவ ஆஸ்பத்திரி எல்லாம்.

குளத்தில் ஒப்பந்தம் செய்வதற்கு ஒரு முறை உண்டு. இரண்டு தரப்பும் ஒரே இடத்தில் அலகை நனைத்து, எருமையின் முன்னால் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். "ஆள் வந்தா நான் கத்துவேன்" என்றாள் அவள். "கத்துற வரைக்கும் மேடு உனக்கு" என்றார் கூழைக்கடாக்களின் தலைவர். எருமை தலையை ஆட்டியது. அந்த எருமைதான் குளத்துக்கு நீதிபதி. மழை பெய்தாலும் வெயில் அடித்தாலும் அதன் முகம் மாறாது என்பதற்காகவே அதைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, ஆற்றிலிருந்து நீர்நாய் வரும்வரை.

தலைவர்தான் அதை அழைத்திருந்தார். நீர்நாய் மீனை விரட்ட, இவர் தாடைப்பையில் அள்ள, பாதிக்குப் பாதி என்று பேச்சு. இதைக் காவல்காரியிடம் சொல்ல வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. பெரிய வீடுகளில் அப்படித்தான். வாட்ச்மேனிடம் சொல்லாமல் விருந்தாளியைக் கூப்பிடுவார்கள், அப்புறம் வாட்ச்மேனைத் திட்டுவார்கள்.

நீர்நாயின் தலை கரையில் தெரிந்ததும் ஆள்காட்டி கத்தினாள். கூட்டம் முழுக்க எழும்பியது. தாடைப்பை நிறைய மீனோடு தலைவரும் எழும்பப் பார்த்தார். கனம் இழுத்தது. விருந்தாளியின் காலடியிலேயே சேற்றில் விழுந்தார். நீர்நாய் சிரித்த சிரிப்பு அக்கரை வரை கேட்டது.

தலைவர் சேற்றை உதறிக்கொண்டு நேரே மேட்டுக்கு வந்தார்.

"நீர்நாய் ஆளா? ஆள்னா மனுஷன். மனுஷன் வந்தாத்தான் நீ கத்தணும். இனிமே உன் வேலை வேண்டாம். மேட்டைக் காலி பண்ணு."

நீர்நாய்க்கு ரோமம் காய வைக்க அந்த மேடு பிடித்துப்போயிருந்தது என்பது அவருக்கும் தெரியும், அவளுக்கும் தெரிந்துவிட்டது. மேட்டில் நான்கு முட்டைகள் இருந்தன. ஆள்காட்டி எங்கே வேண்டுமானாலும் பறந்துபோகலாம். முட்டைகள் எங்கே போகும்?

அவள் பதிலுக்கு ஏதோ ஒரு வார்த்தை கத்தினாள். கத்திவிட்டு, அப்படி ஒன்றைச் சொல்லவே இல்லை என்று தன்னையே நம்பவைத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் போய் எருமையிடம் முறையிட்டாள். எருமை அசைபோட்டு முடித்துவிட்டு, அமாவாசை கழிந்ததும் விசாரிப்பதாகவும், அதுவரை மேட்டை யாரும் தொடக் கூடாதென்றும், இரண்டு பேரும் தங்களுக்காகப் பேச ஆளுக்கொரு வக்கீலைக் கொண்டுவர வேண்டும் என்றும் சொன்னது.

"வக்கீல் எதுக்கு? நானே பேசறேனே" என்றான் அவள் புருஷன்.

"நீங்க பேசித்தான் போன வருஷம் நல்ல புழுவெல்லாம் கொக்குக்குப் போச்சு. முட்டை மேல உட்காருங்க, நான் வர்றேன்" என்று சொல்லிவிட்டு அவள் கிளம்பினாள்.

முதலில் ஆந்தையிடம் போனாள். ஆந்தையின் பொந்தைச் சுற்றி எப்போதும் கூட்டம். ஆனால் ஆந்தை நேராகவே சொல்லிவிட்டது. அதனிடம் வருவதெல்லாம் புருஷன் பெண்டாட்டி சண்டையும் பொந்துப் பங்கு தகராறும்தானாம். வேலை போன வழக்கை அது எடுத்ததே இல்லையாம்.

"எடுத்தா கத்துக்கிட்டே பேசணும். உன் முட்டையை வச்சு நான் பாடம் கத்துக்க வேண்டாம். வேலை, ஒப்பந்தம்னா உடும்புகிட்ட போ. பிடிச்சா விடாது."

உடும்பா! அவளுக்குச் சிறகெல்லாம் சிலிர்த்தது. முட்டை தின்கிற உடும்பிடம் முட்டைக்காக வாதாடச் சொல்வதா? ஆந்தைக்கு வயதாகிவிட்டது என்று நினைத்துக்கொண்டு நேரே கிளியிடம் போனாள்.

கிளி எவ்வளவு அருமையாகக் கேட்டது!

"இது அநியாயம்" என்றாள்.

"அநியாயம்!" என்றது கிளி.

"அவர் நன்றி கெட்டவர்."

"நன்றி கெட்டவர்!"

"நாம ஜெயிப்போமா?"

"ஜெயிப்போம்!"

அவள் பூரித்துப்போய்த் திரும்பினாள். கிளி ஏதாவது கேள்வி கேட்டதா என்று புருஷன் விசாரித்தான். எல்லாம் புரிந்தவர்கள் எதற்குக் கேள்வி கேட்க வேண்டும் என்று அவன் வாயை அடைத்தாள்.

மறுநாள் காலையில் கருவேல மரத்திலிருந்து பேச்சுக் குரல் கேட்டது.

"அவ நன்றி கெட்டவ" என்றார் தலைவர்.

"நன்றி கெட்டவ!" என்றது கிளி.

"ஜெயிப்போமா?"

"ஜெயிப்போம்!"

ஆள்காட்டி புருஷன் முகத்தைப் பார்க்காமல் உடும்பைத் தேடிப் பறந்தாள்.

உடும்பு ஒரு கரையான் புற்றின் மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவள் தள்ளியே நின்றாள். அது தலையைத் தூக்கியது.

"முதல்லயே சொல்லிடறேன். நான் முட்டை திங்கிறவன். அதனால வழக்கு முடிஞ்சு உன் குஞ்சுங்க ஓடற வரைக்கும் உன் மேட்டுப் பக்கம் கால் வைக்க மாட்டேன். பேசணும்னா நீதான் இங்க வரணும். கூழைக்கடா கூட்டத்துக்கு நான் எப்பவும் பேசினதில்லே. இவ்வளவு தெரிஞ்ச பிறகு, நான் வேணுமா வேண்டாமான்னு யோசிச்சுக்கோ."

தன்னைப் பற்றி மோசமானதை முதலில் சொல்கிற ஒருவரை அவள் அன்றுதான் பார்த்தாள். கூலி என்னவென்று கேட்டாள். வேட்டைக்காரன் புற்றுப் பக்கம் வந்தால் தனக்கும் கேட்கிற மாதிரி உரக்கக் கத்த வேண்டும், அவ்வளவுதான் என்றது. சரி என்றாள்.

அப்புறம் ஆரம்பித்தது கேள்வி. ஒப்பந்தத்தில் சொன்ன வார்த்தை சரியாக என்ன? ஆள் என்று மட்டும் சொன்னாயா, மனிதன் என்று யாராவது சொன்னார்களா? இதற்கு முன்னால் யார் யாரைப் பார்த்துக் கத்தினாய்? அவளுக்கு எரிச்சல் வந்தது. அவள் துக்கத்தைச் சொல்ல வந்திருந்தாள். இது வார்த்தையைப் பிடித்துத் தொங்குகிறதே!

"உனக்கு என்னதான் வேணும்?" என்றது உடும்பு.

"மேடு வேணும், வேலை வேணும். அந்தத் தொங்குதாடை எல்லார் முன்னாடியும் மன்னிப்பு கேட்கணும்."

"மன்னிப்பை எந்த எருமையாலயும் வாங்கித் தர முடியாது. மத்ததுக்கு முயற்சி பண்ணலாம், ஜெயிப்போம்னு சத்தியம் பண்ண மாட்டேன். முட்டையா, மானமா? எது முதல்ல?"

அவள் வெகுநேரம் ஒற்றைக் காலில் நின்றாள்.

"முட்டை."

"நல்லது. கோபத்துல நீ அவரை ஏதாவது சொன்னியா?"

"நானா? ஒண்ணும் சொல்லலே."

உடும்பு நாக்கை நீட்டி அவளைப் பார்த்தது. யோசித்துச் சொல்லச் சொன்னது. யோசிக்க ஒன்றுமில்லை என்று அவள் வெடுக்கென்று சொன்னாள். சரி, விசாரணை முடியும்வரை குளக்கரையில் வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசக் கூடாது, யார் சீண்டினாலும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லி அனுப்பிவைத்தது.

ஆள்காட்டியிடம் போய் வாயைத் திறக்காதே என்றால்! முட்டையை அடைகாப்பதைவிட அந்தப் பேச்சை அடைகாப்பதுதான் அவளுக்குப் பெரிய பாடாக இருந்தது. நீர்நாய் தினமும் மேட்டோரமாக உலாவி, இன்னும் காலி பண்ணவில்லையா என்று குசலம் விசாரித்தது. கொக்கு ஒரு நாள் வந்து, "உன் வக்கீல் முட்டையை எப்படிக் கேட்டார், அவிச்சா பொரிச்சா?" என்றது. அவள் பல்லைக் கடித்திருப்பாள், பறவைக்குப் பல் இல்லை. முட்டைகளைத் திருப்பி வைத்துவிட்டு மறுபடி உட்கார்ந்தாள்.

விசாரணைக்கு முந்தின நாள் கருவேல மரத்தில் கிளி பழகிக்கொண்டிருந்தது. அச்சு அசல் ஆள்காட்டியின் குரல்.

"உன் வேலையும் வேண்டாம், நீயும் வேண்டாம்!"

அவள் முட்டையிலிருந்து எழுந்துவிட்டாள். அன்றைக்குக் கத்திய வார்த்தை அதுதான். கத்துகிற வரைக்கும்தான் மேடு. வேலையைத் தானே விட்டுவிட்டாள் என்றால் மேடும் போச்சு.

"இதை வக்கீல்கிட்ட சொன்னியா?" என்றான் புருஷன்.

அவள் ஒரு கூழாங்கல்லை அலகால் தள்ளினாள்.

"குளம் முழுக்கக் கேட்கிற மாதிரி கத்தினே. கேட்காதது உன் வக்கீல் ஒருத்தர்தான்."

வாழ்க்கையில் முதல் தடவையாகப் புருஷனுக்குப் பதில் சொல்லாமல் அவள் பறந்தாள். புற்றுக்குப் பக்கத்திலேயே போய் இறங்கினாள். தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் சொன்னாள்.

உடும்பு கோபப்படவில்லை. ஆனால் வால் ஒருமுறை மண்ணில் அடித்தது.

"எதிராளிக்குத் தெரிஞ்சது எனக்குத் தெரியலே. நாளைக்கு அங்க நின்னு இதை முதல் தடவையா கேட்டிருந்தா, நான் என்னம்மா பேசியிருப்பேன்? சரி, சொன்ன பிறகு என்ன செஞ்சே?"

"அழுதேன்."

"அழுத பிறகு?"

"சாயங்காலம் ஊர் நாய் ஒண்ணு கரைக்கு வந்துச்சு. கத்தினேன்."

"வேலையைத்தான் விட்டுட்டியே. ஏன் கத்தினே?"

"மரத்துல குஞ்சுங்க இருக்கே ஐயா. அவர் மேல கோபம்னா குஞ்சுங்க என்ன பண்ணும்? வாய் தானா கத்திடுச்சு."

உடும்பு அப்படியே அசையாமல் நின்றது. "அவங்க என்ன செஞ்சாங்க?"

"என்ன செய்வாங்க? மரத்துக்குப் பறந்தாங்க. அவர்தான் முதல்ல."

"அம்மா தாயே" என்றது உடும்பு. "இதை அன்னைக்கே சொல்லியிருக்கக் கூடாதா?"

மறுநாள் எருமை சேற்றில் படுத்தபடி விசாரணையைத் தொடங்கியது. கிளி அவள் குரலில் அந்த வார்த்தையைக் கத்திக் காட்டியது. கூட்டம் சிரித்தது. நீர்நாய் அப்போதே மேட்டை அளப்பதுபோல் பார்த்தது. புருஷன் முட்டைகளின் மேல் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்துகொண்டான்.

"ஆமாம், சொன்னாள்" என்றது உடும்பு.

கிளி திகைத்துவிட்டது. இல்லை என்று மறுத்தால் திரும்பத் திரும்பக் கத்தத் தயாராக வந்திருந்தது. ஆமாம் என்றால் என்ன செய்வதென்று அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

உடும்பு தலைவர் பக்கம் திரும்பியது. "அன்னைக்குச் சாயங்காலம் நாய் வந்தப்போ யார் கத்தினது?"

"அவதான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

தலைவர் தாடைப்பையை ஆட்டினார். மரத்துக்குப் போனதாக மெதுவாகச் சொன்னார்.

"காலையில வேலையை விட்டவ சாயங்காலம் கத்தினா, அதைக் கேட்டு நீங்க ஏன் போனீங்க? ஆள்னா மனுஷன்தான்னு காலையில சொன்னீங்களே, சாயங்காலம் வந்த நாய் மனுஷனா?"

தலைவர் கிளியைப் பார்த்தார். "மனுஷனா?" என்றது கிளி, பழக்கதோஷத்தில்.

எருமை அசைபோடுவதை நிறுத்தியது. அதைக் குளத்தில் யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை.

"கத்துற வரைக்கும் மேடுன்னு என் முன்னாடி சொன்னீங்க. அவ கத்தினா, நீங்களும் கேட்டு நடந்தீங்க. வேலையும் மேடும் அவளுக்கே. இனிமே விருந்தாளி வந்தா முதல்ல காவல்காரிக்குச் சொல்லுங்க."

தலைவர் அவள் பக்கம் திரும்பாமலே போனார். மன்னிப்பும் இல்லை, ஒன்றும் இல்லை. அவருக்குப் பின்னால் நன்றாக நாலு வார்த்தை சொல்ல அவள் வாயைத் திறந்தாள். உடும்பு ஒரு பார்வை பார்த்தது. மூடிக்கொண்டாள்.

முட்டைகள் பொரிந்தன. குஞ்சுகள் கூழாங்கற்களுக்கு நடுவே ஓடப் பழகின. அப்போது ஒரு நாள் தூரத்துக் கரையில் ஒரு தலை தெரிந்தது. உடும்புதான், தண்ணீர் குடிக்க வந்திருந்தது. அவளுக்கு அது தன் வக்கீல் என்று நன்றாகவே தெரிந்தது. இருந்தாலும் தொண்டை கிழியக் கத்தினாள். தண்ணீரில் மேய்ந்த கூழைக்கடாக்கள் அத்தனையும் எழும்பின. தலைவர்தான் முதலில் எழும்பினார்.

உடும்பு நின்று அவளைப் பார்த்தது. வேலை ஒழுங்காக நடக்கிறது என்பதுபோல் தலையை ஆட்டிவிட்டு, குளத்தைச் சுற்றிக்கொண்டு வேறு பக்கமாகப் போனது.

வழக்கென்று வந்தால், நாம் சொல்வதையே திருப்பிச் சொல்லிக் குளிரவைப்பவரை விட்டு, நம்மைக் கேள்வி கேட்பவரை வக்கீலாக வைக்க வேண்டும். வைத்த பிறகு, நமக்கு எதிராகப் போகக்கூடியதை அவரிடம்தான் முதலில் சொல்ல வேண்டும்.