புழுதிக்குக் கிடைத்த தேன்

பசித்து அழும் பிள்ளைக்குப் புழுதியை ஊட்ட முடியுமா, சொல்லுங்கள் பார்ப்போம்?

சிலுப்பி என்ற முள்ளம்பன்றிக்கு அந்த நிலைமைதான் வந்தது. மலையுச்சிப் பொந்தில் குட்டி போட்டிருந்தது. கோடையில் மேலே ஒரு கிழங்குகூட இல்லை. எல்லாம் கீழே குளக்கரையில். குட்டிகளை விட்டுவிட்டு இறங்கவும் முடியாது.

பக்கத்துப் பாறைக் கரடி, "கவலையை விடு தங்கச்சி. ஆள் போட்டுக் கொண்டுவரச் சொல்றேன்," என்றது. நன்றாக உழைப்பவருக்கு ஒரு வாய் தேன் என்றும் அறிவித்தது.

யார் நன்றாக உழைக்கிறார்கள் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? இறங்கிப் போய்ப் பார்க்கக் கரடிக்குச் சோம்பல். பாறையிலிருந்து பார்த்தால் பாதையில் கிளம்பும் புழுதி மட்டும் தெரிந்தது. "அதிகப் புழுதி யாருதோ, அவருக்கே தேன்!" என்றது.

எருமை ஈரமான ஓடைக்கரை வழியாக முதுகு நிறையக் கிழங்கு கொண்டுவந்து இறக்கியது.

"உன் புழுதியையே காணோமே. வழியில தூங்கிட்டியா?" என்று கேட்டு, கரடி அதை வெறும் வாயோடு அனுப்பிவிட்டது.

நரியோ வாலில் விளக்குமாறு போல ஒரு கிளையைக் கட்டிக்கொண்டு மேலும் கீழும் ஓடியது. கொண்டுவந்தது ஒன்றுமில்லை. தேன் மட்டும் நரிக்கு!

மறுநாள் எல்லாருக்கும் விஷயம் புரிந்துவிட்டது. காட்டுப்பன்றி பாதையில் உருண்டது. முயல் நின்ற இடத்திலேயே குதித்தது. சுமையோடு குதிக்க வரவில்லை என்று எருமையும் கிழங்கைக் கீழே வைத்துவிட்டு ஆடியது.

"எப்படி உழைக்கிறாங்க, பாரு தங்கச்சி," என்று பூரித்தது கரடி.

"எங்கே பார்க்கிறது அண்ணே, கண்ணெல்லாம் மண்ணு."

குட்டிகள் பசி தாங்காமல் ஒன்றன் காதை ஒன்று சப்பிக்கொண்டிருந்தன. சிலுப்பி ஒரு தேக்கிலையைப் போட்டது. அதில் புழுதியைக் குவித்தது.

"உட்காருங்க அண்ணே. இன்னைக்கு வந்து சேர்ந்தது இதுதான். கூச்சப்படாமச் சாப்பிடுங்க."

கரடி ஒரு வாய் வைத்தது. தும்மிய தும்மலில் இலையே பறந்தது.

"அப்போ எதைப் பார்த்துத்தான் தேன் கொடுக்கிறது?"

"இதுங்க வயித்தைத் தொட்டுப் பாருங்க."

கரடி தொட்டது. வயிறு முதுகோடு ஒட்டிக் கிடந்தது. உடனே ஓடிப்போய்ப் பாறைமேல் ஏறியது.

"குட்டிகளோட வயிறு நிறையணும். நிறைச்சவங்களுக்குத்தான் இனிமே தேன்!" என்று பாறையிலிருந்து கத்தியது.

எருமை கிழங்கைத் திரும்ப முதுகில் ஏற்றியது. பொழுது சாய்வதற்குள் குட்டிகள் பந்துபோல் ஆகிவிட்டன. தேன் எருமைக்குப் போனது.

போய்ச் சேர வேண்டியது சேர்ந்ததா என்று பார்க்காமல், கண்ணில் படுவதை வைத்து உழைப்பை அளந்தால், கடைசியில் மிஞ்சுவது புழுதிதான்.

நரி மட்டும் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு வாலில் இருந்த கிளையை அவிழ்க்கப் போனது.

"அவிழ்க்காதீங்க மாமா," என்றது சிலுப்பி. "போற வழியில என் வாசலைக் கொஞ்சம் கூட்டிவிட்டுப் போங்களேன்."