பெயர் இல்லாத பெட்டி

பல் மருத்துவர் வேதநாயகம் தன் ஐம்பத்தேழாவது வயதில் ரெஜினாவிடம் மாணவராகச் சேர்ந்தார். ரெஜினாவுக்கு வயது முப்பத்தாறு. காவல்துறை அணிக்காக நெடுந்தூரத் துப்பாக்கிச் சுடுதலில் பதக்கங்கள் வாங்கியவர், இப்போது மலையடிவாரத்துச் சுடுதளம் ஒன்றில் பயிற்சி கொடுத்துவந்தார்.

மாநில அணித் தேர்வில் வேதநாயகம் இரண்டு முறை தோற்றிருந்தார். வலக்கண்ணில் பார்வை மங்கிவந்தது. இன்னும் ஒரு வருஷம் குறி பார்க்கலாம், அதற்குமேல் கஷ்டம் என்று கண் மருத்துவர் சொல்லிவிட்டார். இந்தத் தேர்வுதான் கடைசி.

அவர் துப்பாக்கிக்கு இரண்டு வகைத் தோட்டாக்கள் பொருந்தின. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். ஒன்றில் குண்டு கொஞ்சம் லேசு, விரைவாகப் போகும். மற்றதில் கொஞ்சம் கனம், காற்று அதைக் குறைவாகத் தள்ளும். அறுநூறு மீட்டருக்கு அப்பால் இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் இரண்டு விரற்கடை.

அந்த இரண்டு விரற்கடைக்காக வேதநாயகம் ஒரு நோட்டையே எழுதி நிரப்பினார். ஒரு வாரம் லேசுதான் சரி என்பார், மறுவாரம் கனத்துக்கு மாறுவார். சுடும்போது ஒரு குண்டு விலகினால், மற்றதை எடுத்திருக்கலாமோ என்று மனம் ஓடும். அடுத்த குண்டும் விலகும்.

தேர்வுக்குப் பத்து நாள் இருந்தது.

"எதை எடுக்கட்டும் மேடம்? நீங்களே சொல்லிடுங்க."

ரெஜினா அவரிடமிருந்து இரண்டு தோட்டாப் பெட்டிகளையும் வாங்கி ஆயுத அறையில் வைத்துப் பூட்டினார்.

"தேர்வு அன்னைக்குத் தரேன், டாக்டர். அதுவரைக்கும் நான் சுடறேன். காற்றை மட்டும் நீங்க சொல்லுங்க."

மறுநாள் காலை பாயில் படுத்து, தொலைநோக்கியில் காற்றைக் காட்டும் கொடிகளைப் பார்த்து வேதநாயகம் காற்றின் கணக்கைச் சொன்னார். ரெஜினா அவர் சொன்னபடியே துப்பாக்கியின் குறியைத் திருத்திச் சுட்டார். குண்டு நடுப்புள்ளியை விட்டு ஒரு முழம் தள்ளிப் பட்டது. வேதநாயகம் மன்னிப்புக் கேட்டார். ரெஜினா அடுத்த தோட்டாவைப் போட்டார்.

நாலாம் நாள் முழம் சாணானது. ஓரத்துக் கொடிக்கும் நடுக்கொடிக்கும் காற்று வேறு என்பதையும், கொடி அசையுமுன் புல் சாய்வதையும் வேதநாயகம் கண்டுகொண்டார். ஒன்பதாம் நாள் குண்டுகள் நடுவிலேயே விழுந்தன. அன்று வீடு திரும்பும்போதுதான், ரெஜினா எந்தத் தோட்டாவைச் சுட்டார் என்று தான் கேட்கவே இல்லை என்பது அவருக்கு உறைத்தது.

தேர்வு நாளில் ரெஜினா பெயர் எதுவும் இல்லாத பெட்டி ஒன்றைக் கொடுத்தார்.

வேதநாயகம் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு படுத்தார். சோதனைக் குண்டுகள் இரண்டில் உயரத்தைச் சரிசெய்துகொண்டு சுடத் தொடங்கினார். பதினேழாவது குண்டின்போது நடுக்கொடி சட்டென்று திரும்பியது. விசையிலிருந்து விரலை எடுத்துவிட்டார். நேரம் போய்க்கொண்டிருந்தது. புல் நிமிரும்வரை காத்திருந்து சுட்டார்.

நாலு பேர் கொண்ட அணியில் நாலாவது இடம் அவருக்குக் கிடைத்தது.

முடிவைச் சொன்னபின்பும் அவர் பாயை விட்டு எழுந்திருக்கவில்லை. கையில் முகத்தைப் புதைத்துக் கிடந்தார். தோள்கள் குலுங்கின. பக்கத்திலிருந்தவர் பயந்துபோய்த் தொட்டுப் பார்த்தார். வேதநாயகம் சிரித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ரெஜினாவிடம் வந்தார்.

"இப்பவாவது சொல்லுங்க மேடம். எந்தத் தோட்டா?"

"பதினேழாவதுக்கு ஏன் அவ்வளவு நேரம் எடுத்துக்கிட்டீங்க?"

நடுக்கொடி திரும்பியதை, ஓரத்துக் கொடி திரும்பாததை, எதை நம்புவது என்று தெரியாமல் புல்லைப் பார்த்ததை எல்லாம் அவர் கைகளை வீசி வீசிச் சொன்னார். சொல்லச் சொல்ல முகம் தெளிந்தது. ரெஜினா முழுவதையும் கேட்டார். பிறகு ஆயுத அறையின் சாவியை அவரிடம் நீட்டினார்.

"ரெண்டு வகையும் உள்ளே மிச்சம் இருக்கு, டாக்டர். கைக்கு எது வருதோ, அதை எடுத்துக்கிட்டுப் போங்க."