சீரங்காயியின் கண் வைத்த போர்வை

மொட்டைப்பாறை என்கிற ஊரை நீங்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டீர்கள். கேள்விப்பட்டவர்களும் அதை வெளியே சொல்லிக்கொள்வதில்லை. மலைமேல் இருக்கிறது. மார்கழி பிறந்துவிட்டால் அங்கே குடத்துத் தண்ணீர் கையைக் கடிக்கும். அந்த ஊர் ஆண்கள் எதையும் யோசித்துப் பேசுகிறவர்கள். பேசாமல் இருந்திருந்தால் ஊர் இன்னும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

அந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்தவள் சீரங்காயி. குளிர் வந்தால் அவளுக்கு இரண்டு முழங்காலும் கட்டையாகிவிடும். பழைய புடவைகளை அடுக்கித் தைத்த ஒட்டுப்போர்வை ஒன்றுதான் அவளிடம் இருந்தது. அதிலும் பாதியைப் புருஷன் நல்லாண்டி தூக்கத்தில் இழுத்துக்கொள்வான். இந்த மார்கழியிலாவது ஒரு நல்ல போர்வைக்குள் காலை நீட்டிப் படுக்க வேண்டும். அதைத் தவிர அவளுக்கு வேறு ஆசை இல்லை.

கரூரில், போர்வை நெய்து வெளிநாட்டுக்கு அனுப்பும் கம்பெனியில் அவள் தங்கை மகள் தவமணிக்கு வேலை. ஓரம் கோணிப் போனதென்று கம்பெனியார் ஒதுக்கிவிட்ட பருத்திப் போர்வை ஒன்றைத் தவமணி பஸ்ஸில் கொடுத்தனுப்பினாள். கனமான நெசவு. கறுப்பும் வெள்ளையுமாக அதில் படங்கள். நடுவில் விரித்த கை, உள்ளங்கையில் ஒரு கண். மேலே மூக்கும் வாயும் உள்ள நிலா. சுற்றிலும் தன் வாலைத் தானே கவ்விய பாம்பு. மூலைக்கு மூலை மண்டை ஓடு. வெள்ளைக்காரர்கள் மந்திரப் படம் என்று இதை ஆசையாக வாங்குகிறார்களாம்.

"பெரியம்மா, படத்தையெல்லாம் பாக்காதீங்க. போத்திக்கிட்டுப் படுங்க, கதகதன்னு இருக்கும்" என்று தவமணி போனில் சொன்னாள்.

சீரங்காயி படத்தைப் பார்க்கவில்லை. வீட்டு ஆண்கள் பார்த்துவிட்டார்கள். அங்கேதான் வந்தது வினை.

அந்த வீட்டில் ஆண்கள் மூன்று பேர், அண்ணன் தம்பிகள். மூத்தவர் சடையப்பன், ஊருக்குப் பெரியவர். நடுவில் நல்லாண்டி. கடைசி வெள்ளையன். மூவரில் அறிவில் யார் குறைவு என்று சீரங்காயி வந்த நாளாக யோசிக்கிறாள். இன்னும் முடிவுக்கு வர முடியவில்லை.

"இந்தக் கண்ணு மூடலியே" என்றான் நல்லாண்டி.

"மூடாதுங்க. நெசவு அது" என்றாள் சீரங்காயி.

"கண்ணு மூடலைன்னா அது தூங்கலைன்னு அர்த்தம். தூங்காத ஒண்ணுக்கு அடியில நாம எப்படிப் புள்ளே தூங்குறது?"

சடையப்பன் தலையை ஆட்டினார். நியாயமான கேள்வி என்றார். உடனே மூவரும் போர்வையைத் தொட்டிலாகக் கட்டி, இருட்டும் வரை தாலாட்டுப் பாடினார்கள். கண் மூடவில்லை. நல்லாண்டி மட்டும் தூங்கிப் போனான்.

வெள்ளையனுக்குப் பாம்பின் மேல் இரக்கம் வந்தது. "பாவம், பசி தாங்காமத் தன் வாலையே திங்குது. இந்த வீட்டுல ஒருத்தராவது அதுக்குச் சோறு போட்டீங்களா?" என்று அண்ணியைக் கேட்டான். கோழி இட்ட முட்டையை எடுத்து வந்து பாம்பின் வாயில் வைத்தான். முட்டை உருண்டுபோய் உடைந்தது.

"வாயை எடுக்க மாட்டேங்குது. ரோஷக்காரப் பாம்பு."

"ரோஷம் இருக்கிறது ஒண்ணாவது இந்த வீட்டுக்கு வந்துச்சே" என்று முனகிக்கொண்டு சீரங்காயி முட்டைக் கறையை அலசிப் போர்வையைப் பாதையோரக் கயிற்றில் காயப்போட்டாள்.

அது அவள் செய்த தப்பு. காலையில் ஆடு ஓட்டி வந்த ஒருத்தன் விரித்த கையைப் பார்த்து நின்றான். நில் என்று கை காட்டினால் நிற்கத்தானே வேண்டும்? அவன் பின்னால் வந்தவன் அவனைப் பார்த்து நின்றான். பள்ளிக்கூட வாத்தியாரும் நின்றார். உச்சிப் பொழுது வரை பாதி ஊர் அங்கே நின்றது. ஆடுகள் மட்டும் புத்தியாகப் போய்விட்டன.

போர்வை காய்ந்ததும் சீரங்காயி அதை மடித்தெடுத்தாள். ஊர் நடக்கத் தொடங்கியது. நடந்து நேராகச் சாவடிக்குப் போய்க் கூட்டம் போட்டது.

கோடாங்கியை வரவழைத்தார்கள். உடுக்கை அடித்துக் குறி சொல்கிற அந்த ஆள் சாப்பாட்டிலிருந்து எழுந்து வந்தவன். சோறு ஆறிவிடுமே என்ற கவலை அவனுக்கு. போர்வையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "இந்தக் கண்ணு யார் மேலயும் படக்கூடாது. மூடி வையுங்க. அப்புறம் எல்லாரும் ஓடையில தலை முழுகிட்டு ஈரத்துணியோட வாங்க" என்று சொல்லிப் போய்விட்டான்.

"மாமா, இது வெறும் நூலு. எனக்கு முட்டி வலி உயிர் போகுது, குடுத்துருங்க" என்று சீரங்காயி கெஞ்சினாள்.

"நூலுதான்" என்றார் சடையப்பன். "தாலிக்கயிறும் நூலுதான். வெறும் நூலுன்னு கழட்டிக் குடுப்பியா?"

கூட்டம் ஆகா என்றது. நல்லாண்டிக்கு அண்ணனை நினைத்துக் கண் கலங்கியது. தாலிக்கயிற்றைக் கழற்றி இந்த ஆள் கையிலேயே கொடுத்துவிட்டுப் போனால் என்ன என்று சீரங்காயிக்குத் தோன்றாமல் இல்லை.

போர்வையைச் சாவடிக் கட்டிலில் விரித்தார்கள். எதைக் கொண்டு மூடுவது? போர்வையை மூடப் போர்வைதான் பொருத்தம் என்று சடையப்பன் தன் கம்பளியைக் கொண்டுவந்து போட்டார். எல்லாரும் பெருமூச்சு விட்டார்கள். வெள்ளையன் மட்டும் விடவில்லை.

"அண்ணா, இப்ப அந்தக் கண்ணு உன் கம்பளியைப் பாத்துக்கிட்டுக் கிடக்குது."

"ஆமா."

"அப்ப கண்ணுபட்ட கம்பளி ஆச்சே. அதை நாம பாக்கலாமா?"

வெள்ளையனுக்கு இவ்வளவு மூளை எங்கிருந்து வந்தது என்று சடையப்பன் பிரமித்தார். கம்பளியை மூட அடுத்த வீட்டுப் போர்வை வந்தது. அதுவும் கண்ணுபட்ட கம்பளியைத் தொட்டுவிட்டதல்லவா? அதை மூட இன்னொன்று. இப்படியே ஊரிலிருந்த போர்வை, கம்பளி, ஜமுக்காளம் எல்லாம் வந்து சேர்ந்தன. சீரங்காயியின் ஒட்டுப்போர்வையையும் நல்லாண்டி ஓடிப்போய் எடுத்து வந்தான். கடைசியில் கோணிப்பையும் தீர்ந்துவிட்டது.

"எல்லாத்துக்கும் மேல கிடக்குற கோணியை எதால மூடுறது?" என்றான் வெள்ளையன்.

சடையப்பன் அண்ணாந்து பார்த்தார். "கூரை இருக்குதில்ல."

மார்கழிக் குளிரில் ஊரே போர்த்த ஒன்றும் இல்லாமல் ஓடைக்குக் கிளம்பியது, தலை முழுக. ஊரில் கதகதப்பாக இருந்தது அந்தப் போர்வை ஒன்றுதான்.

சீரங்காயி போகவில்லை. அவள் சாவடிக்குள் வந்து அந்தக் குவியலைப் பார்த்தாள். இத்தனை துணியும் யாருக்கும் ஆகாமல் கிடக்க, தன் முழங்கால் மட்டும் விறைக்க வேண்டுமா? அடியில் கையை விட்டுத் தன் போர்வையைத் தேடிப் பிடித்தாள். அதற்குள் நுழைந்து காலை நீட்டினாள். தவமணி சொன்னது பொய்யில்லை. கண்ணை மூடுவதற்குள் தூங்கிவிட்டாள்.

பொழுது சாய ஊர் திரும்பி வந்தது. துணியிலிருந்து தண்ணீர் சொட்டியது, பல் தந்தியடித்தது. சாவடியில் குவியல் மேலும் கீழும் ஏறி இறங்கியது. கூடவே குறட்டை.

"தூங்கிடுச்சு!" என்றான் வெள்ளையன். "அன்னிக்கு நாம பாடுன தாலாட்டு இப்பத்தான் ஏறியிருக்குது."

சத்தத்தில் சீரங்காயி பாதி விழித்தாள். "கதவைச் சாத்துங்களேன், காத்து வருது. ஒரு வாய் சுக்குக் காப்பி கொண்டாங்க" என்று உள்ளிருந்தபடியே அதட்டினாள்.

ஈரத்துணியோடு ஊர் ஓடிப்போய்ச் சுக்குக் காப்பி கொண்டுவந்தது. குவியலின் ஓரத்தில் வைத்தார்கள். ஒரு கை நீண்டு டம்ளரை உள்ளே இழுத்துக்கொண்டது. சும்மா சொல்லக்கூடாது, அதில் சர்க்கரைகூட சரியாக இருந்தது.

நல்லாண்டி மட்டும் சுற்றிச் சுற்றிப் பார்த்தான். "என் பொண்டாட்டியைக் காணோமே."

"வீட்டுல இல்லையா?"

"இல்லை. குரலு மட்டும் இதுக்குள்ள இருந்து வருது."

சடையப்பன் குவியலில் காதை வைத்துக் கேட்டார். "அவ குரலு. அவ அதட்டலு. குறட்டையும் அவளோடதுதான்."

"ஆளை மட்டும் காணோம்" என்று நல்லாண்டி அழுதான். "தின்னுடுச்சு! இனிமே எனக்குக் களி யாரு கிண்டுவா?"

இருபது வருஷம் குடும்பம் நடத்தியவளுக்கு இந்த ஒப்பாரியைக் கேட்டதும் பற்றிக்கொண்டு வந்தது. போர்வைகளை உதறித் தள்ளி எழுந்தாள். "களிக்குத்தான் அழுவுறியா? கண்ணு இருக்குதா உனக்கு? நான்தான்!" என்று கத்தினாள். தலையெல்லாம் பஞ்சு. புடவை ஓரத்தில் ஒரு நூல் பிரிந்து தொங்கியது.

கூட்டம் பின்வாங்கியது. வெள்ளையன் மெல்ல வந்து அந்த நூலைத் தொட்டான்.

"இழுக்காதடா!" என்று சடையப்பன் அலறினார். "முழுசும் பிரிஞ்சு போயிரும்!"

"என்ன அண்ணா சொல்றே?"

"பாத்தா தெரியலையா? நம்ம சீரங்காயியைத் தின்னுட்டு, நூலால இன்னொண்ணு நெய்து குடுத்திருக்குது."

நல்லாண்டி கண்ணைத் துடைத்துக்கொண்டு சுற்றி வந்து பார்த்தான். மூக்கில் இருந்த மச்சம்கூட அதே இடத்தில் இருந்தது. "நல்ல வேலைப்பாடு" என்றான். "திட்டுகூட அப்படியே விழுந்திருக்குது."

சீரங்காயி வாயைத் திறந்தாள். அதற்குள் சடையப்பன் தம்பியிடம் சொல்ல ஆரம்பித்துவிட்டார்: "பருத்திடா இது, பத்திரமா வச்சுக்க. அடுப்புக்கிட்ட விடாதே, தீப்பிடிச்சுக்கும். தண்ணிக்கு அனுப்பாதே, ஊறிப்போகும். விறகு தூக்கவிட்டா கிழிஞ்சிரும்."

சீரங்காயி திறந்த வாயை மூடிக்கொண்டாள். இந்த வீட்டுக்கு வந்ததிலிருந்து மச்சாண்டார் சடையப்பன் வாயிலிருந்து வந்த முதல் நல்ல வார்த்தை அது. அதைத் திருத்த அவளுக்கு என்ன கிறுக்கா?

"என்னைப் பெத்த போர்வை என்கூடத்தான் இருக்கணும்" என்று மட்டும் சொன்னாள். "மத்ததை அவங்கவங்க எடுத்துக்கிட்டுப் போங்க. கண்ணுபட்டதெல்லாம் தீந்து போச்சு."

அதன்பின் அந்த மார்கழியில் நல்லாண்டி விடிகாலையில் தண்ணீர் சுமந்தான், அடிபிடித்த களி கிண்டினான். சீரங்காயி கண் வைத்த போர்வையைக் கழுத்து வரை இழுத்துக்கொண்டு, காலை நீட்டிப் படுத்தபடி அவன் வேலையில் குற்றம் சொன்னாள். முழங்கால் வலி போன இடம் தெரியவில்லை.

ஒரு நாள் அடிவாரத்துச் சந்தைக்குப் போன நல்லாண்டி ஒரு பொட்டலத்தோடு வந்தான். கட்டிலருகே குந்தி உட்கார்ந்து பிரித்தான். உள்ளே வெள்ளை வெள்ளையாக அந்துருண்டை.

"எதுக்குய்யா இது?"

"பருத்தியைப் பூச்சி அரிச்சிருமாம். கடைக்காரரைக் கேட்டேன். மடிப்புக்கு ஒண்ணு வைக்கணும்னு சொன்னாரு" என்றான் நல்லாண்டி. ஒரு உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளை மேலிருந்து கீழ்வரை கவலையோடு பார்த்தான்.

"உனக்கு மடிப்பு எங்கெங்க வருது புள்ளே?"