சடையன் பெயரும் சிறுமலை இலையும்

இந்தக் கதையின் முடிவில் தீர்ப்புச் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். ஆகவே யார் என்ன செய்தார், எதை முதலில் செய்தார் என்பதைக் கவனித்துக்கொண்டே வாருங்கள்.

மங்களேஸ்வரி பயிர்களைத் தாக்கும் பூஞ்சைகளை வகைப்படுத்திப் பெயர் சொல்லும் ஆராய்ச்சியாளர். நாற்பத்தாறு வயது. ஒன்றுபோலத் தெரியும் இரண்டு பூஞ்சைகள் வேறு வேறா, வேறாகத் தெரியும் இரண்டும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது அவர் வேலை. பெயர் தவறினால் மருந்து தவறும் என்பதால் பூஞ்சையின் ஒரு நுண்வித்தைக்கூட மூன்று தரம் அளக்காமல் எழுத மாட்டார்.

கொல்லிமலை மிளகுக்கொடிகளைக் கருக்கும் பூஞ்சை ஒன்று உண்டு. முப்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் அதற்குப் பெயர் வைத்தவர் டாக்டர் ஆறுமுகநயினார். அந்த நோய் முதலில் விழுந்தது சடையன் என்பவரின் தோட்டத்தில். பக்கத்துத் தோட்டங்களுக்குப் பரவிவிடக் கூடாதென்று, யாரும் சொல்லாமலே, காய்த்து நின்ற நானூறு கொடிகளையும் வேரோடு பிடுங்கி எரித்தார் சடையன். அவற்றில் நான்கு கொடிகளின் கிளைகளை மட்டும் ஈரச் சாக்கில் சுற்றி, மலை இறங்கி, நயினாரிடம் கொண்டுவந்து கொடுத்தார். பூஞ்சைக்கு வைக்கும் பெயரில் இரண்டு சொல் இருக்கும். முதற்சொல் பேரினம், அடுத்தது சிற்றினம். அந்த இரண்டாம் சொல்லை ‘சடையனி’ என்று வைத்தார் நயினார். சடையன் காலமாகிப் பல ஆண்டுகள் ஆகின்றன. பெயர் மட்டும் எத்தனையோ கட்டுரைகளிலும், மிளகு ஏற்றுமதிக்குச் சான்றிதழ் தருவோரின் பட்டியலிலும் நிலைத்துவிட்டது.

மிளகுப் பூஞ்சைகள் எல்லாவற்றையும் திரும்ப ஒழுங்குபடுத்தும் வேலையில் இருந்தபோது, ஒரு கல்லூரியின் உலர் இலைச் சேகரிப்பில் ஒரு பழுப்பு உறை மங்களேஸ்வரியின் கைக்கு வந்தது. உள்ளே சிறுமலைச் சோலையில் பறித்த காட்டுமிளகு இலை ஒன்று. வயது ஐம்பத்து நான்கு. உறையின் மேல் ‘லூர்துமேரி’ என்ற கையெழுத்து. கூடவே அந்தக் கல்லூரி அச்சிட்ட சிறு இதழின் நான்கு பக்கங்கள். அதில் நுண்ணோக்கியில் பார்த்து வரைந்த படமும், அந்தக் காலத்து விதிப்படி லத்தீனில் எழுதிய வருணனையும் இருந்தன. பூஞ்சைக்கு ‘சில்வாட்டிகம்’, அதாவது காட்டுக்குரியது என்று பெயர். மங்களேஸ்வரி படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைய கருவியில் பார்த்தாலும் அதில் திருத்த ஒரு கோடு இல்லை.

இலையில் எள்ளளவு எடுத்து, பூஞ்சையின் மரபணுவைப் படித்து, சடையனியின் மரபணுவோடு ஒப்பிட்டார். சடையனியும் சில்வாட்டிகமும் ஒரே பூஞ்சைதான்.

ஒரே பூஞ்சைக்கு முறையாக அச்சேறிய பெயர் இரண்டு இருந்தால் முந்தியதே நிற்கும். இது உலகமெங்கும் உள்ள விதி. விலக்கும் ஒன்று உண்டு: பழைய பெயரைக் கொண்டுவந்தால் புழக்கத்தில் பெருங்குழப்பம் வரும் என்றால், பிந்திய பெயரையே காக்கும்படி சர்வதேசக் குழுவிடம் விண்ணப்பிக்கலாம்.

உறையைத் திரும்ப மூடி வைத்தாலும் கேட்க ஆளில்லை. மங்களேஸ்வரி மூடவில்லை. நயினார் இருக்கும் சேலத்துக்குப் பஸ் ஏறினார்.

எண்பத்தொரு வயது நயினார், பூதக்கண்ணாடியைப் படத்தின் மேல் வைத்துக் கோடு கோடாகப் பார்த்தார்.

“இந்தப் பொண்ணு எனக்குப் பதினேழு வருஷம் முந்தியே பாத்திருக்காம்மா. நான் தேடிப் பாக்காம விட்டது என் தப்பு. நான் வெச்ச பேரை எடுத்துடுங்க.”

“ஐயா, அது சடையன் பேரு.”

“அதுதான் எனக்கும் கஷ்டமா இருக்கு,” என்றார் அவர். “ஆனாலும் எடுத்துடுங்க.”

அடுத்த வாரம் திண்டுக்கல். லூர்துமேரிக்கு எழுபத்தாறு வயது. அப்பா தவறியதும் தம்பி தங்கைகளுக்காக ஆராய்ச்சியை விட்டுப் பள்ளிக்கூட வேலைக்குப் போனவர். லத்தீன் வருணனையைத் திருத்திக் கொடுத்தவர் தேவாலயத்துப் பங்குச் சாமியார் என்று சொல்லிச் சிரித்தார். உறையைத் தொட்டுப் பார்த்தார்.

“இது இன்னும் இருக்கா?”

சடையன் யார் என்று விசாரித்து முழுக் கதையையும் கேட்டுக்கொண்டார். பிறகு, “நான் ஒரு இலையைப் பறிச்சேன். அவரு தோட்டத்தையே எரிச்சிருக்காரு. அவரு பேரே இருக்கட்டும்மா. குழுவுக்கு எழுதுங்க, நான் கையெழுத்துப் போட்டுத் தர்றேன்,” என்றார்.

“உங்களுக்கு வருத்தமா இல்லையா டீச்சர்?”

“இருக்கு. இருந்தா என்ன?”

 மங்களேஸ்வரி ஊர் திரும்பியதும் சான்றிதழ் தருவோருக்கு எழுதி, பெயர் மாறினால் மிளகு மூட்டைகள் துறைமுகத்தில் நின்றுவிடுமா என்று கேட்டார். இரண்டு பெயரையும் பட்டியலில் சேர்த்தே போட்டுவிடலாம், முன்பும் அப்படிச் செய்திருக்கிறோம் என்று பதில் வந்தது.

கட்டுரையின் தலைவரியில் ஒரு பெயருக்குத்தான் இடம். சொல்லுங்கள்: தான் வைத்த பெயரை எடுக்கச் சொன்ன நயினார் சொன்னது சரியா, தான் வைத்த பெயரை விட்டுக்கொடுத்த லூர்துமேரி சொன்னது சரியா? மங்களேஸ்வரி எதை எழுத வேண்டும்?

விடை: ‘சில்வாட்டிகம்’ என்றே எழுதினார். நயினார் சொன்னதுதான் சரி. லூர்துமேரியின் மனம் பெரியது. ஆனால் முந்திய பெயர் அவர் தானம் செய்யும் சொத்து அல்ல. ஆள் பலம் இல்லாத ஒருவர் எங்கோ சின்ன இதழில் எழுதியதும் காலத்துக்கும் செல்லும் என்பதற்காகவே அந்த விதி இருக்கிறது. விலக்கு, குழப்பத்தைத் தவிர்ப்பதற்கு மட்டும். குழப்பம் வராது என்று பதிலே வந்துவிட்டது. தியாகத்துக்கு மதிப்புண்டு, ஆனால் அதை நிறுக்கும் தராசு அந்த விதியில் இல்லை. சடையன் பெயரும் அழியவில்லை. பிந்திய பெயரை, வைத்தவர் பெயரோடும் ஆண்டோடும் கீழே எழுத வேண்டும் என்பது முறை. மங்களேஸ்வரி அந்த வரியோடு நிற்காமல், நானூறு கொடிகள் எரிந்த கதையையும் அதன் அடியில் நான்கு வரியில் எழுதினார். நயினார் வைத்த பெயரில் அந்தக் கதை எங்கும் எழுதப்பட்டிருக்கவில்லை.